வடிவு நாச்சியாருக்குப் பின்னால் வந்த கண்மாய்

ஏழுமடை மிட்டாதார் மகள் வடிவு நாச்சியார் வாகைக்கோட்டை ஜமீனுக்கு வாக்கப்பட்டுப் போனபோது அவள் பல்லக்குக்குப் பின்னால் அவளுடைய ஊர்க் கண்மாயும் கிளம்பிப் போயிற்று. அதை முதலில் கண்டவன் பின்தண்டைச் சுமந்துவந்த மாடசாமி. முதல் நாள் வெயில் சாய்கிற நேரத்தில் செம்மண் காட்டில் நடந்துகொண்டிருந்தவனுக்குக் கணுக்கால் சில்லென்று நனைய, திரும்பிப் பார்த்தான், தோள் மாற்றிக்கொண்டான், பார்த்ததைச் சொல்லாமல் இருப்பது மரியாதை இல்லை என்று தோன்றியதால், கட்டு அவிழ்ந்த பசு ஒன்று பின்னால் வருவதைச் சொல்கிற குரலில் சொன்னான்.

"தாயி, நம்ம ஊர்க் கண்மா கூடவே வருது."

வடிவு திரையை விலக்கிப் பார்த்தாள். வந்துகொண்டுதான் இருந்தது. பிறந்ததிலிருந்து அவள் குளித்த தண்ணீர் அத்தனையும், தரையில் இழுபடும் முந்தானையைப் போல, பனைகளைச் சுற்றிக்கொண்டும் கரையான் புற்றுகளை இடிக்காமல் ஒதுங்கிக்கொண்டும், பல்லக்குக்குப் பத்தடி பின்னால் வந்தது. மேலே அதன் நாரைகள் பறந்து வந்தன, உள்ளே அதன் கெண்டையும் விராலும் நீந்தி வந்தன, அல்லிகள் நடந்த களைப்பில் சற்றுத் தலை தொங்கியிருந்தன. பல்லக்கு நின்றால் அதுவும் நின்றது. வழியிலிருந்த ஊர்க்காரர்கள் முதலில் கும்பிட்டார்கள், பிறகு எருமைகளை ஓட்டிவந்து குளிப்பாட்டினார்கள். ஒருத்தி கண்மாயோடு கூடவே நடந்து இரண்டு சேலையை அலசிப் பிழிந்துகொண்டு, "நல்லபடியா போயிட்டு வா தாயி" என்று நாச்சியாருக்கா கண்மாய்க்கா என்று தெரியாதபடி பொதுவாகச் சொல்லிவிட்டுத் திரும்பினாள்.

"திருப்பி அனுப்பிரலாமா தாயி?" என்றாள் துணைக்கு வந்த பேச்சி.

"நான் கூப்பிடலையே, எப்படித் திருப்பி அனுப்புறது?" என்றாள் வடிவு. அப்படிச் சொல்லும்போது அவள் முதுகு தானாக நிமிர்ந்தது. மணவறையில் வாளுக்குக் கழுத்தை நீட்டிய நேரத்திலிருந்து குனிந்தே இருந்த முதுகு அது.

வாளுக்குக் கழுத்தை நீட்ட நேர்ந்தது இப்படித்தான். வாகைக்கோட்டை பெரிய இடம். அதன் துரைமார் ஏழு தலைமுறையாக வேறெவர் வீட்டு வாசற்படியும் மிதித்ததில்லை, கோவில் வாசலைத் தவிர வேறெங்கும் தலை குனிந்ததில்லை. ஆனால் அந்தச் சீமையின் கிணறுகள் அத்தனையும் உப்பு. அங்கே பெண்கள் சோற்றுக்கு உப்புப் போட்டதே கிடையாது. குழந்தைகள் அழுதால் கன்னத்தில் வழிவது நாக்கில் பட்டு, குடித்த தண்ணீரின் ருசியாகவே இருந்ததால் சீக்கிரம் அழுகையை நிறுத்திவிடும். அந்தச் சீமைக்குப் பெண் கொடுக்கச் சமமான ஜமீன் எதுவும் முன்வரவில்லை. வரகுணத் துரைக்கு முப்பத்திரண்டு வயதாயிற்று. நாச்சியார் இல்லாத கோட்டைக்குப் பட்டம் எதற்கு என்று பங்காளிகள் வாய்விட்டே கேட்கத் தொடங்கினார்கள்.

ஏழுமடை சின்ன இடம், ஆனால் தண்ணீர் உள்ள இடம். அதன் மிட்டாதார் உக்கிரபாண்டியருக்கு வாழ்க்கையில் ஒரே ஒரு ஆசைதான். நவராத்திரி தர்பாரில் வாகைக்கோட்டையின் ரத்தினக் கம்பளத்தில், ஜமீன்தார்களோடு ஜமீன்தாராக உட்கார வேண்டும். அங்கே ஒரு பெண் தேவை, இங்கே ஒரு கம்பளம் தேவை. பேச்சு ஒரே பகலில் முடிந்தது.

ஒரு படி தாழ்ந்த வீட்டில் பெண் எடுத்தால் துரை பந்தலுக்கு வருவதில்லை. அவருக்குப் பதிலாக வாள் வரும். அது அந்தக் குடும்பத்து வழக்கம். பட்டுச் சுற்றிய வாளை வடிவின் பக்கத்தில் மணையில் சார்த்தி வைத்தார்கள், அதற்கு மாலை போட்டார்கள், துரையின் அத்தை தாலியை முடிந்தாள். பிறகு ஜமீனின் மந்திரி தானாபதிப் பிள்ளை வாளை ஏந்திக்கொண்டு முன்னே நடக்க, வடிவு பின்னே நடந்து அக்கினியை வலம் வந்தாள்.

"மாப்பிள்ளை எப்படி இருக்காக?" என்று பேச்சி காதோடு கேட்டாள்.

"பளபளன்னு இருக்காக. பேச்சுத்தான் இல்லை" என்றாள் வடிவு, உதடு அசையாமல்.

சிரிப்பு வந்தது பேச்சிக்குத்தான். வடிவு வலம் முடிகிறவரை தரையையே பார்த்துக்கொண்டு நடந்தாள்.

மூன்றாம் நாள் காலை பல்லக்கு வாகைக்கோட்டை வாசலில் இறங்கியது. கண்மாய் கோட்டையைச் சுற்றிக்கொண்டு பின்புறம் போய், புல்லும் முளைக்காத பெரிய பொட்டலைக் கண்டு, அங்கே கால் மடக்கி உட்காரும் யானையைப் போல மெல்ல, நீண்ட மூச்சு விட்டுக்கொண்டு படுத்தது. கோட்டையில் யாரும் அலறவில்லை. வந்ததை எந்த மரியாதையோடு வரவேற்பது என்பதுதான் அவர்களுடைய கவலையாக இருந்தது. தானாபதிப் பிள்ளை கண்ணை மூடிச் சற்று யோசித்தார்.

"நாச்சியாரோட வந்ததெல்லாம் நாச்சியார் பரிவாரம். பரிவாரத்துக்கு என்ன மரியாதையோ அதைச் செய்யுங்க" என்றார்.

நாகசுரக்காரர்கள் கரைக்கு ஓடினார்கள். ஐந்து சுமங்கலிகள் மஞ்சளும் சுண்ணாம்பும் கரைத்த உப்புத் தண்ணீரால் அந்த நல்ல தண்ணீருக்கு ஆலத்தி சுற்றினார்கள்.

வரகுணத் துரையை வடிவு அன்று மாலைதான் பார்த்தாள். உயரமான, ஒடிசலான மனிதர். கழுத்தை ஒருபுறமும் சாய்க்காமல், தலையில் எதையோ சுமந்து நிற்பவர்போல நின்றார்.

"நாச்சியார், உள்ளதைச் சொல்லிடறேன். பட்டம் நிலைக்கணும்னுதான் இந்தக் கல்யாணம். உங்களுக்கு இங்கே ஒரு குறையும் வராது. அதுக்கு மேல என்கிட்ட எதையும் எதிர்பார்க்க வேண்டாம்."

"நானும் உள்ளதைச் சொல்லிடறேன். எங்க அப்பாவுக்கு ஒரு கம்பளத்துல உட்காரணும், அதுக்காகத்தான் வந்தேன். எதிர்பார்த்துப் பழக்கம் எனக்கும் இல்லை."

துரை அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தார். சுற்றி நின்ற சேவகர்கள் உத்தரத்தைப் பார்த்தார்கள்.

"அந்தத் தண்ணி எதுக்கு வந்தது?"

"தெரியாது துரை. எங்க பக்கத்து ஆளுக வரணும்னா தானே வந்துருவாக. வாளை அனுப்புற வழக்கம் இல்லை" என்றாள் வடிவு.

இந்தப் பதிலை அந்த வாரம் முழுவதும் கோட்டையில் எல்லோரும் ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்த்துக்கொண்டார்கள், சமையற்கட்டில் இரண்டு விதமாகவும் லாயத்தில் நாலு விதமாகவும். சொன்னவர்கள் எல்லோருக்கும், தங்களை அறியாமல், அந்தப் பெண் மேல் ஒரு பெருமை வந்துவிட்டது.

கண்மாய் வந்து எட்டாம் நாள், ஏழுமடையின் வலைக்காரக் குடும்பங்கள் பன்னிரண்டும் வலைகளைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து சேர்ந்தன. அவர்களுக்குத் தலைவன் கருத்தான் கரையில் குந்திக்கொண்டு, "எங்க சோலி தண்ணியில. தண்ணி இங்கே வந்திருச்சு, நாங்களும் வந்துட்டோம்" என்றான், அதில் விளக்க என்ன இருக்கிறது என்கிற முகத்தோடு. குடிசை போட இடம் கொடுத்தார்கள். தவளைச் சத்தம் கேட்டே அறியாத ஊர் முதல் பத்து நாள் தூங்கவில்லை, பதினோராம் நாளிலிருந்து அது இல்லாமல் தூங்க முடியாது என்று சொல்லத் தொடங்கியது. கம்பும் சோளமும் தின்ற பூமியில் நாற்றுப் பாவினார்கள். அந்த உப்புத் தண்ணீருக்கே இரண்டு ஊர் தாண்டி நடந்துகொண்டிருந்த பெண்களுக்குத் திடீரென்று பகலில் பாதி மிச்சமாகிவிட்டது. அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியாமல் முதலில் சண்டை போட்டார்கள், பிறகு கும்மி கட்டினார்கள், பிறகு இரண்டையும் ஒரே நேரத்தில் செய்யக் கற்றுக்கொண்டார்கள். கோட்டைக் காவல்வீரர்கள், இரண்டு கையாலும் முறுக்க வேண்டிய மீசை வைத்தவர்கள், வலைக்காரப் பெண்பிள்ளைகளிடம் நீச்சல் படித்தார்கள். மீசை நனையாமல் நீந்த முடியாது என்று அந்தப் பெண்கள் கண்டிப்பாகச் சொல்லிவிட்டதால் நாலு பேர் கரையிலேயே நின்றுவிட்டார்கள். ஊருக்கு எந்த விருந்தாளி வந்தாலும் உட்காரச் சொல்வதற்கு முன்பு தண்ணீர் கொடுத்தார்கள், குடித்து முடித்ததும் மறுபடி கொடுத்தார்கள், போதும் என்றால் வருத்தப்பட்டார்கள்.

நிலம் அளக்கிற வெள்ளைக்காரன் ஒருவன் குதிரையில் வந்து, தன் படத்தையும் தண்ணீரையும் மாறி மாறிப் பார்த்து, இது இருக்க வேண்டிய இடம் மூன்று காதத்துக்கு அப்பால் அல்லவா என்று கேட்டான். "ஆமாம், இப்போ எங்க நாச்சியார் கூட இருக்கு" என்றார் தானாபதிப் பிள்ளை. அவன் படத்தில் இரண்டு இடத்திலும் நீலம் பூசிவிட்டு, நாலு செம்பு தண்ணீரும் குடித்துவிட்டுப் போனான்.

வந்த முதல் மாதமே வடிவு தன் தகப்பனுக்கு மாடசாமியிடம் செய்தி சொல்லி அனுப்பியிருந்தாள். கண்மாயைத் திருப்பி அனுப்ப வழி தேடட்டுமா, ஊர் என்ன பாடுபடுகிறது என்று கேட்டிருந்தாள். உக்கிரபாண்டியரின் பதிலை மாடசாமி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு ஒப்பித்தான்.

"தாயி, பொண்ணோட யானை கொடுத்தவன் இருக்கான், ஊர் கொடுத்தவன் இருக்கான். கண்மாயே கொடுத்தவன் இந்தப் பூமியில நான் ஒருத்தன்தான்னு எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன். திருப்பி அனுப்பி என் பேரைக் கெடுத்துராதே. நமக்குக் கிணறு இருக்கு, குடிச்சுக்கிடுவோம்னு சொல்லச் சொன்னாக."

வடிவுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் நிறைந்தது. தகப்பன் சொல்லை நம்பினாள்.

மேல்மாடத்து ஜன்னலிலிருந்து பார்த்தால் கண்மாய் முழுவதும் தெரியும். விடியற்காலையில், ஊர் எழுவதற்கு முன், ஒரு மனிதர் தனியாகக் கரைக்கு வந்து, செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, கணுக்கால் நனையும் அளவுக்கு மட்டும் இறங்கி, கால் விரல்களுக்கு இடையில் மீன்குஞ்சுகள் போவதைக் குனியாமல் பார்க்க முயன்றுகொண்டு நிற்பதை வடிவு ஒரு நாள் கண்டாள். மறுநாளும் கண்டாள். ஒரு மாதம் கண்டாள். கழுத்தை வைத்துத்தான் அது துரை என்று தெரிந்தது. ஒரு மாதமும் ஒன்றும் கேட்காமல் இருந்துவிட்டு, பிறகு ஒரு விடியலில் தானும் இறங்கிப் போய் அவருக்குப் பக்கத்தில் தண்ணீரில் நின்றாள்.

"துரைக்கு நீந்தத் தெரியுமா?"

"இந்தச் சீமையில எவன் நீந்தியிருக்கான் நாச்சியார்?"

"உங்க காவல்காரங்க இப்போ நல்லா நீந்துறாக. வாங்க. படுங்க."

"எங்கே?"

"தண்ணி மேல."

"பிடிமானம் இல்லாம எப்படிப் படுக்கிறது?"

"என் கை இருக்கு. கழுத்தை மட்டும் விடுங்க, அதுலதான் ஜமீன் மொத்தத்தையும் தூக்கி வச்சிருக்கீக."

துரை சிரித்தார். அவர் சிரிப்பை அந்தக் கோட்டையில் யாரும் கேட்டதில்லை. கரையில் வலை காயப்போட வந்த கருத்தான் அது ஏதோ புதுப் பறவை என்று நினைத்து ஆகாயத்தைப் பார்த்தான். வடிவின் உள்ளங்கையில் துரையின் பிடரி வந்து படிந்தது, நினைத்ததைவிடக் கனமாகவும் சூடாகவும் இருந்தது. காது இரண்டும் தண்ணீருக்குள் போனதும் அவர் முகம் ஒரேயடியாக இளகிப் பத்து வயதுப் பையனின் முகமாயிற்று.

"வடிவு, உள்ளே என்னமோ பேசுது" என்றார்.

நாச்சியார் என்ற சொல் உதிர்ந்துவிட்டதை அவர் கவனிக்கவில்லை. அவள் கவனித்தாள். மிதக்க அவருக்கு மூன்றே நாளில் வந்துவிட்டது என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஆவணி முடிகிறவரை அவள் கையை எடுக்கவில்லை, இன்னும் வரவில்லை என்று அவரும் ஒவ்வொரு விடியலிலும் சொல்லிக்கொண்டிருந்தார். கரையேறியதும் அவர் துரை, அவள் நாச்சியார். எதிர்பார்க்க வேண்டாம் என்று சொன்னவர் அவர், பழக்கமில்லை என்று சொன்னவள் அவள். சொன்ன சொல்லை முதலில் யார் திரும்ப எடுத்துக்கொள்வது என்பதில் இருவருக்கும் ஒரே மாதிரி வீம்பு இருந்தது.

புரட்டாசியில் நவராத்திரி வந்தது. சரிகைத் தலைப்பாகை கட்டிக்கொண்டு உக்கிரபாண்டியர் தர்பாருக்கு வந்தார். வடிவு திரைக்குப் பின்னாலிருந்து பார்த்தாள். ஏழு மாதத்தில் தகப்பன் பாதியாகியிருந்தார். சட்டை உடம்பில் நிற்காமல் தொங்கியது. ஆனாலும் எட்டு ஜமீன்தார்களுக்கு நடுவே, ரத்தினக் கம்பளத்தில், இடது பக்கத்து மூன்றாவது திண்டில் சாய்ந்து உட்கார்ந்தபோது அவர் முகம் பிரகாசித்தது. வழக்கப்படி எல்லோருக்கும் வெள்ளித் தம்ளரில் தண்ணீர் வந்தது. ஒரு மடக்குக் குடித்தார். இரண்டாவது மடக்கு தொண்டையில் இறங்கவில்லை. தம்ளரைப் பிடித்தபடியே எழுந்துவிட்டார்.

"உட்காருங்க ஏழுமடையாரே" என்றார் தானாபதிப் பிள்ளை.

"மன்னிக்கணும். இந்தக் கம்பளத்துல உட்காரணும்னு நாற்பது வருஷம் ஆசைப்பட்டேன். எங்க தண்ணி நாக்குல பட்டப்புறம் உட்கார முடியலை." அவர் திரையின் பக்கம் திரும்பினார். "தாயி, உன்கிட்ட பொய் சொல்லி அனுப்பிட்டேன். கிணறெல்லாம் அப்பவே வத்த ஆரம்பிச்சு, சித்திரையில காஞ்சே போச்சு. கோடை மழை நல்லாத்தான் பெஞ்சது, ஆனா நம்ம படுகையில ஒரு சொட்டும் நிக்கலை, ஓடி இந்தத் திசைக்கே வந்திருச்சு. வயல் வெடிச்சுக் கிடக்கு. சனங்க ஒரு வார்த்தை என்னைக் குறை சொல்லலை தாயி. கண்மாய் கொடுத்த ஊர்னு அவங்களும் பெருமையாத்தான் சொல்லிக்கிட்டு திரிஞ்சாங்க. இப்போ சொல்லத் தெம்பில்லை."

வடிவு திரையை விலக்கிக்கொண்டு வெளியே வந்தாள். அந்த மண்டபத்தில் நாச்சியார் எவரும் அதுவரை அப்படி வந்ததில்லை.

"நாளைக் காலையில நான் ஏழுமடைக்குப் புறப்படுறேன். நான் போனா அதுவும் வந்துரும்."

"கட்டிக்கொடுத்த பெண் சீமையை விட்டுப் போறதுக்குத் துரையோட உத்தரவு வேணும். துரை கதவை அடைக்கச் சொன்னா அடைக்கலாம், நியாயம் நம்ம பக்கம்" என்றார் தானாபதிப் பிள்ளை. அவர் கெட்டவர் இல்லை. அவருடைய பேரன்கள் இரண்டு பேர் அப்போதுதான் நல்ல தண்ணீரில் தேமல் மாறி வளர்ந்துகொண்டிருந்தார்கள்.

எல்லோரும் வரகுணத் துரையைப் பார்த்தார்கள். அவர் கழுத்து பழையபடி விறைத்திருந்தது.

"நாச்சியார் போறதும் வர்றதும் நாச்சியார் இஷ்டம்" என்றார்.

போகாதே என்று ஒரு வார்த்தை வரும் என்று வடிவு காத்திருந்தாள். நீங்களும் கூட வாங்களேன் என்று ஒரு வார்த்தை வரும் என்று அவரும் காத்திருந்தார். இரண்டும் வரவில்லை.

மறுநாள் ஊர் முழுவதும் கரையில் கூடிவிட்டது. யாரும் அழவில்லை, காலில் விழவில்லை, வீட்டில் இருந்த குடங்களைக்கூட நிரப்பி வைத்துக்கொள்ளவில்லை. "வந்த விருந்தைக் கையைப் பிடிச்சு இழுக்கிற ஊர் இது இல்லை தாயி. ஏழு மாசம் இனிக்க இனிக்கக் குடிச்சோம். அங்கே பிள்ளைக தவிச்சுக் கிடக்கையில எங்களுக்கு எப்படி இறங்கும்?" என்றாள் ஒரு நடுவயதுப் பெண், வெறுங்குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு. அவளுடைய நாற்று முழங்கால் உயரம் வளர்ந்திருந்தது.

வடிவு பல்லக்கு வேண்டாம் என்று நடந்தாள். தகப்பனும் பேச்சியும் பின்னால் நடந்தார்கள். எல்லைக் கல் வரை போய்த் திரும்பிப் பார்த்தாள். கண்மாய் படுத்த இடத்திலேயே படுத்திருந்தது. திரும்பி வந்து கரையில் நின்று, "வா" என்றாள். பிறந்ததிலிருந்து முதல் முறையாக அதை அழைத்தாள். ஓர் அலைகூட எழவில்லை. மறுபடி எல்லை வரை நடந்தாள். தண்ணீர் அசையவில்லை.

தானாபதிப் பிள்ளைக்கு ஒரு யோசனை தோன்றியது. "நாச்சியார் துரையோட துணை இல்லாமப் போறதுதான் குறையோ என்னமோ. சாஸ்திரப்படி வாள்தானே துரை" என்று பட்டுச் சுற்றிய அந்த வாளைப் பல்லக்கில் வைத்துக் கூட அனுப்பினார். வாளோடு மூன்றாம் முறை எல்லை வரை நடந்தாள். நாரைகள் மட்டும் கொஞ்ச தூரம் பறந்து வந்து பார்த்துவிட்டுத் திரும்பிவிட்டன.

கருத்தான் முழங்கால் தண்ணீரில் நின்றுகொண்டு தலையைச் சொறிந்தான்.

"அது நாச்சியார் பின்னாடிதான் வரும், சந்தேகமில்லை. நாச்சியார் இன்னும் கிளம்பலை, அதான்."

"நான் மூணு வாட்டி கிளம்பியாச்சே?" என்றாள் வடிவு.

"கால் கிளம்பியிருக்கு தாயி" என்றான் கருத்தான்.

அவ்வளவுதான் சொன்னான். கரையில் நின்ற அத்தனை பேரும், பெண்கள் முதலில், பிறகு மற்றவர்கள், கடைசியாகத் தானாபதிப் பிள்ளையும், மெல்லத் தலையைத் தூக்கிக் கோட்டையின் மேல்மாடத்தைப் பார்த்தார்கள். அங்கே வரகுணத் துரை தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார். வடிவுக்கு முகம் காதுவரை சுட்டது. இரண்டு ஊர்ச் சனத்துக்கும் முன்னால், தன் தகப்பனுக்கு முன்னால், தான் யாரிடமும் சொல்லாததை, தனக்கே இன்னும் சரியாகச் சொல்லிக்கொள்ளாததை, ஒரு கண்மாய் படுத்தபடியே சொல்லிவிட்டது. தலையைக் குனிந்துகொள்ள ஒரு கணம் போதும். அவள் குனியவில்லை. பார்க்கிறவர்கள் பார்க்கட்டும் என்று முகத்தை உயர்த்தி அவளும் மேல்மாடத்தையே பார்த்தாள்.

மாடத்தில் ஆளைக் காணவில்லை. சற்று நேரத்தில் கோட்டையின் பின்வாசல் திறந்தது. துரை செருப்பில்லாமல் வந்தார், தலைப்பாகை இல்லாமல் வந்தார், கூட்டம் விலகி வழி விட்டது.

"கருத்தான் சொல்றது நிஜமா?" என்று எல்லோர் காதிலும் விழும்படி கேட்டார்.

"என்னை ஏன் கேக்குறீக? கண்மாயைக் கேளுங்க" என்றாள் வடிவு.

துரை தண்ணீரைப் பார்த்தார். பிறகு தானாபதிப் பிள்ளையைப் பார்த்தார். "நான் மாமனார் வீட்டுக்குப் போறேன். கோட்டையைப் பார்த்துக்கோங்க."

"துரை, ஏழு தலைமுறையா நம்ம வீட்டுல யாரும் ஒருத்தர் வாசலையும்..."

"ஏழு தலைமுறையா உப்புத் தண்ணி குடிச்சோம் பிள்ளைவாள்" என்றார் துரை.

அவர் முதல் அடி எடுத்து வைத்தார், வடிவும் பக்கத்தில் அடி எடுத்து வைத்தாள், கண்மாய் எழுந்தது. அல்லியும் விராலும் நண்டும் பாசியுமாக, சோம்பல் முறித்துக்கொண்டு எழுந்து, இருவருக்கும் பத்தடி பின்னால் நடக்கத் தொடங்கியது. வாகைக்கோட்டைச் சனம் குலவையிட்டது. தங்கள் தண்ணீர் போவதைப் பார்த்துக் குலவையிட்ட ஊர் அது ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். எல்லைவரை வழியனுப்ப வந்தவர்களில் பாதிப்பேர் எல்லையில் நிற்க மறந்து சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு கூடவே நடந்தார்கள். காவல்வீரர்கள் நடக்கவில்லை, மீசை நனைய, மூன்று காதமும் கண்மாய்க்குள்ளேயே நீந்தி வந்தார்கள்.

வழி நெடுக, அது எந்த மண்ணின் மேல் போயிற்றோ அந்த மண் இறுகாமல் மிருதுவாகவே கிடந்தது. அடுத்தடுத்த வருஷங்களில், தை பிறந்ததும் துரையும் நாச்சியாரும் வாகைக்கோட்டைக்கும், ஆடி பிறந்ததும் ஏழுமடைக்கும் என்று போய்வரத் தொடங்கியபோது, அந்த வழியிலிருந்த பதினான்கு ஊரும் கண்மாய் வருகிற நாளைக் கணித்து விதைக்கப் பழகிக்கொண்டன. இரண்டு சீமையும் ஒன்றையொன்று தாழ்ந்தது என்று பேசுவது நின்றுபோயிற்று. ஆறு மாதம் நமக்கு, ஆறு மாதம் அவர்களுக்கு என்பதைத் தங்கள் பெருந்தன்மை என்று இரண்டு பக்கமும் சொல்லிக்கொண்டன.

ஆனால் அதெல்லாம் பிறகு. அந்த முதல் பயணத்தின் மூன்றாம் நாள் கண்மாய் தன் வெடித்த படுகையில் இறங்கியபோது ஏழுமடைக்காரர்கள் ஆரவாரம் செய்யவில்லை. ஒருவர் பின் ஒருவராக, கட்டிய துணியோடு தண்ணீருக்குள் போய் நின்றார்கள். உக்கிரபாண்டியர் தன் வீட்டுக்கு ஓடி, கதவைத் திறந்து வைத்து, தட்டில் ஏற்றிய சூடம் காற்றில் அணைய அணையத் திரும்ப ஏற்றிக்கொண்டு வாசலில் நின்றார். துரைக்கு எங்கே ஆசனம் போடுவது, எந்தப் பக்கம் தான் நிற்பது, எப்படி அழைப்பது என்று ஒன்றும் அவருக்கு ஓடவில்லை. வரகுணத் துரை வாசற்படிக்குக் கீழே நின்றார்.

"மாமா, உள்ளே வரலாமா?" என்றார்.

உக்கிரபாண்டியருக்குத் தட்டு கையிலிருந்து நழுவியது. பேச்சிதான் பிடித்துக்கொண்டு ஆலத்தியைச் சுற்றி முடித்தாள்.

சாயங்காலம் துரையும் வடிவும் கரைமேல் நடந்தார்கள். ஏழாவது மடைக்கு வந்ததும் துரை நின்றார். கீழே மடைக்கல்லில் பத்துப் பதினைந்து பேர் குளித்துக்கொண்டிருந்தார்கள்.

"வடிவு, அன்னிக்குக் கண்மாயைக் கேக்கச் சொன்னே. அதுக்கு வாய் இல்லை. நீ சொல்லு."

"ஊருக்கே தெரிஞ்சதை நான் வேற சொல்லணுமா?"

"சொல்லணும். எதிர்பார்க்க வேண்டாம்னு நான் சொன்னது தப்பு. அதை நான் இப்போ திரும்ப எடுத்துக்கிட்டேன். இனிமே உன் முறை."

வடிவு மடைக்கல்லைப் பார்த்தாள். குளித்துக்கொண்டிருந்தவர்கள் கை நிறுத்திக் காதைத் தீட்டிக்கொண்டு நிற்பது நன்றாகத் தெரிந்தது. குரலைத் தாழ்த்திக்கொள்ளலாம், அவர் பக்கத்தில்தான் நிற்கிறார். அவள் தாழ்த்திக்கொள்ளவில்லை. தண்ணீர் தாண்டி அக்கரையில் மாடு ஓட்டிப் போகிறவனுக்கும் கேட்கும்படி சொன்னாள்.